ஷாக்கைக் கழற்றி ரிஜிட் ஃபோர்க்: நெல்லைப் பாதைகளுக்கு ஒரு எம்டிபியைத் தயார் செய்த வேலை

வேலைக்கு எடுத்துக்கொண்ட எம்டிபி (கரடுமுரடான பாதைக்கான மவுண்டன் பைக் சைக்கிள்) கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வகைதான். 26 இஞ்ச் சக்கரம், அலுமினியச் சட்டம், முன்னால் 80 மி.மீ. இறங்கும் ஷாக் ஃபோர்க் (முன் சக்கரத்தை இரு காலால் தாங்கும் பகுதி), முன்னும் பின்னும் கேபிள் டிஸ்க் பிரேக். பின்பக்கம் ஷாக் கிடையாது. திசையன்விளைப் பக்கம் இரண்டு ஆனி ஆடிக் காற்றைப் பார்த்த வண்டி. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் ஆட்டினால், ஃபோர்க்கின் மேல்குழாயும் கீழ்க்காலும் சேரும் இடத்தில் 'டக் டக்' என்று இடித்தது. கையால் அமுக்கினால் பாதி இறங்கி நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே வந்தது. பிரித்துப் பார்த்ததில், ரப்பர் சீலுக்குக் கீழே செம்மண்ணும் கிரீஸும் கலந்து அரக்கு மாதிரி இறுகிக் கிடந்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் புஷ் (குழாய் வழுக்கி ஏறி இறங்கும் வளையம்) ஒரு பக்கமாகத் தேய்ந்துபோயிருந்தது. மேல்குழாயின் குரோமியப் பூச்சில் கடற்காற்றுத் துரு புள்ளி புள்ளியாக ஏறியிருந்தது.

இந்த விலை வண்டிகளின் ஷாக்குக்குள் இருப்பது ஒரு சுருள்கம்பியும் அடியில் ஒரு ரப்பர்க் கட்டையும் மட்டும். சக்கரம் கல்லில் ஏறும்போது கம்பி அமுங்குகிறது. அமுங்கிய விசையில் பெரும்பகுதி கரையாமல் திரும்பி வந்து கையைத் தூக்கி அடிக்கிறது. நல்ல ஃபோர்க்கில் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கி ஓடி, அந்த விசையைச் சூடாக மாற்றித் தணித்துவிடும். இதில் அந்த வேலையைச் செய்ய எண்ணெய் இல்லை, உராய்வுதான் செய்கிறது. அந்த உராய்வே புஷ்ஷைத் தின்கிறது. தேய்ந்த புஷ்ஷுக்கு மாற்று புஷ் கிடைக்காது. ஆகவே ஷாக் இல்லாத ரிஜிட் ஃபோர்க் போடுவது என்று முடிவானது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எண்ணெய் டேம்பிங் உள்ள நல்ல ஃபோர்க் வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு அதைக் கழற்ற வேண்டாம். கல் நிறைந்த நீண்ட இறக்கத்தில் அதற்கு ஈடாக ரிஜிட் ஃபோர்க் நிற்காது. ஆனால் நம் பக்கத்தில் தினமும் ஓட்டக் கிடைப்பது குளத்தங்கரை, வறண்ட ஓடை, பனைவிளை ஒற்றையடிப் பாதை, காற்றாலைச் சரள் ரோடு, செம்மணல் தேரி. இவற்றில் மோசமான ஷாக்கைவிட ஷாக் இல்லாத ஃபோர்க் எவ்வளவோ மேல். எம்டிபி என்ற வண்டியே முதல் பத்து வருடம் ஷாக் இல்லாமல் ஓடியதுதான். 1981இல் வந்த ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பரில் இருந்தது வெறும் இரும்பு ஃபோர்க். ராக்‌ஷாக்ஸின் முதல் ஃபோர்க் சந்தைக்கு வந்தது 1990 வாக்கில்.

ஃபோர்க்கின் நீளம்

புது ஃபோர்க் வாங்கும்போது பெரும்பாலானவர்கள் சக்கர அளவை மட்டும் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமானது அச்சு நடுவிலிருந்து கிரவுன் ரேஸ் (கீழ் பேரிங்கைத் தாங்க ஃபோர்க்கில் இறுகும் வளையம்) உட்காரும் இடம் வரை உள்ள நீளம். பழைய ஃபோர்க்கைக் கழற்றி, பாரமில்லாமல் டேப்பால் அளந்தபோது 455 மி.மீ. வந்தது. 70 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்தால் 15 மி.மீ. அமுங்கியது. ஓடும்போது ஃபோர்க்கின் உண்மையான நீளம் 440 என்றாகிறது. ஆகவே 440 மி.மீ. நீளமுள்ள குரோமோலி இரும்பு ஃபோர்க் எடுக்கப்பட்டது. ஷாக் சட்டங்களுக்கென்றே இப்படி நீளமாகச் செய்த ரிஜிட் ஃபோர்க்குகள் கிடைக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும்.

கடையில் 26 இஞ்ச் என்று சொல்லி 410 மி.மீ. ஃபோர்க்கைக் கொடுத்தால் மாட்டத்தான் செய்யும், சக்கரமும் சுற்றும். ஆனால் முன்பக்கம் 30 மி.மீ. தாழ்கிறது. சட்டத்தின் முன்னால் நிற்கும் ஹெட் குழாய் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி செங்குத்தாகிறது, பெடல் அச்சு 12 மி.மீ. அளவு கீழே இறங்குகிறது. விளைவு இரண்டு. சரளில் ஹேண்டில் படபடவென்று வெட்டும். ஓடைக்குள் இறங்கி ஏறும்போது பெடல் கல்லில் இடிக்கும். நீளம் 10 மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் உடம்பு பழகிக்கொள்ளும். 30 என்றால் வண்டியே வேறு வண்டி.

அடுத்தது, ஃபோர்க்கிலிருந்து ஹெட் குழாய்க்குள் ஏறிப்போகும் ஸ்டியரர் குழாய். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டில் இரண்டு அலன் போல்ட்டும் உச்சியில் ஒரு மூடியும் இருந்தால் அது மரை இல்லாத வகை. குழாயின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. இருக்கும். உச்சியின் நடுவில் நீளமான ஒரே போல்ட் இறங்கினால் மரை வகை. அதற்கு ஸ்டெம், மேல் ஹெட்செட் (ஹெட் குழாயின் பேரிங் தொகுதி) எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டிவரும், செலவு கூடும். அடியில் பருத்து மேலே மெலியும் ஸ்டியரர் உள்ள புது 29 இஞ்ச் வண்டிகளில் நேர்க்குழாய் ஃபோர்க்கைப் போட, கீழ் பேரிங்குக்கு அளவு குறைக்கும் ரேஸ் தனியாக வாங்க வேண்டும். 29 இஞ்சுக்கு ஃபோர்க் நீளம் பெரும்பாலும் 470 முதல் 490 மி.மீ.க்குள் அமையும். அங்கேயும் அளந்துதான் வாங்க வேண்டும்.

எடை போட்டுப் பார்த்ததில் பழையது 2.4 கிலோ, புதியது 1.15 கிலோ. முன் சக்கரத்தைத் தூக்கி மேட்டில் வைக்கும்போது இந்த ஒன்றேகால் கிலோ நன்றாகவே தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. சாதாரணச் சைக்கிள் ஃபோர்க்கில் டிஸ்க் காலிப்பர் (டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) மாட்ட ஒரு தகட்டை வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்று லேத் பட்டறைகளில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம். டிஸ்க் பிரேக்கின் முழு விசையும் இடது காலின் அடிப்பகுதியில் ஒரே இடத்தில் விழுகிறது. ரிம் பிரேக்குக்காகச் செய்த மெல்லிய குழாய் அந்த இடத்தில் முறுக்கிக்கொள்ளும். வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் கீறலும் விடும். டிஸ்க் தாங்கி ஃபோர்க்கோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.

மாற்றிய விதம்

வண்டியைத் தலைகீழாக நிறுத்தாமல், பின் சக்கரத்தைத் தரையில் வைத்துச் சட்டத்தை ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் செய்தால் பேரிங் கொட்டாது. முன் சக்கரம், காலிப்பர் கழற்றியதும் ஸ்டெம் மூடி, பிறகு பக்க போல்ட்டுகள். ஃபோர்க்கைக் கையால் பிடித்துக்கொண்டே ஸ்டெம்மை உருவ வேண்டும். மேல் பேரிங்கும் கீழ் பேரிங்கும் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன என்று கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும். மாட்டும்போது ஒன்று கவிழ்ந்தால்கூட ஹெட்செட் எவ்வளவு இறுக்கினாலும் ஆடும்.

கிரவுன் ரேஸைப் பழைய ஃபோர்க்கிலிருந்து எடுக்க மழுங்கின உளியை அடியில் வைத்து, இடமும் வலமுமாக மாறி மாறித் தட்டினோம். ஒரே பக்கம் தட்டினால் ரேஸ் கோணலாகி இறுகிவிடும். புது ஃபோர்க்கில் ஏற்ற 1¼ இஞ்ச் ஜிஐ குழாய்த் துண்டு ஒன்று போதும். ஆனால் குழாயின் விளிம்பு பேரிங் உட்காரும் சாய்வில் படக்கூடாது. வேறொரு பழைய ரேஸைக் கவிழ்த்து நடுவில் வைத்து அதன்மேல் தட்ட வேண்டும். உட்கார்ந்துவிட்டதா என்று ஓசையே சொல்லும்: 'டொக் டொக்' என்று கேட்டுக்கொண்டிருந்தது 'கிண்' என்று மாறும்.

ஸ்டியரரை வெட்டும் கணக்கு இது. ஹெட் குழாய் 120, மேலும் கீழும் ஹெட்செட் சேர்த்து 28, ஸ்பேசர் 20, ஸ்டெம்மின் உயரம் 40. மொத்தம் 208, அதில் 3 கழித்து 205 மி.மீ. அந்த 3 மி.மீ. பள்ளம் ஸ்டெம்முக்குள் இல்லாவிட்டால் மூடி ஸ்டியரரில் முட்டி நின்றுவிடும், ஹெட்செட் இறுகாது. முதல் தடவை வெட்டுகிறவர்கள் 10 மி.மீ. கூடுதலாக விட்டு, ஸ்டெம்முக்கு மேலே ஒரு ஸ்பேசர் போட்டு ஓட்டிப் பார்த்து, பிறகு வெட்டலாம். குட்டையாய் வெட்டியதை நீட்ட வழியில்லை. இரண்டு ஹோஸ் கிளிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, நடுச்சந்தில் 32 பல் ஆக்சா பிளேடை ஓட்டினால் வெட்டு நேராக வரும். வெட்டிய வாயை வெளியே தட்டை அரத்தாலும் உள்ளே உருட்டு அரத்தாலும் ராவி, மூடி போல்ட் பிடிக்கும் நட்சத்திர நட்டை 15 மி.மீ. உள்ளே இறக்கினோம். நட்டு சாய்ந்து இறங்கினால் மூடி போல்ட்டும் சாயும். அதனால் போல்ட்டை நட்டில் திருகி வைத்துக்கொண்டு, போல்ட்டின் தலையிலேயே தட்டுவது நல்லது.

பேரிங் குழிகளில் தாராளமாகக் கிரீஸ். நம் ஊர் புழுதிக்கு வெளியே கொஞ்சம் பிதுங்கி நிற்கும் கிரீஸே ஒரு சீல். மூடி போல்ட்டை ஆட்டம் போகும்வரை மட்டும் முறுக்கி, முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில் தானாகச் சாய்கிறதா என்று பார்த்து, அதன்பிறகே ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகளை 5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். வரிசை மாறினால் மூடி போல்ட் ஒன்றும் செய்யாது.

காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி இறுக்கினால் 160 மி.மீ. டிஸ்குக்கு நேராக நிற்கும். கேபிள் டிஸ்கில் ஒரு கட்டை மட்டுமே நகரும் வகை அதிகம். அதில் நகராத கட்டையைத் திருகி டிஸ்குக்கு அரை மில்லிமீட்டர் பக்கத்தில் கொண்டுவந்துவிட வேண்டும். சக்கரத்தின் குவிக் ரிலீஸை (ஸ்பேனர் இல்லாமல் அச்சை இறுக்கும் லீவர்) உள்ளங்கையில் தடம் பதியும் அளவு அழுத்தி மூடவும். முன் டிஸ்கைப் பிடிக்கும்போது விசை அச்சை அது உட்காரும் பிளவிலிருந்து வெளியே தள்ளப் பார்க்கும். அந்தப் பிளவின் நுனியில் இருக்கும் சின்ன உதடுகள் அதற்காகத்தான். சக்கரம் மாட்டச் சிரமமாக இருக்கிறது என்று அவற்றை ராவிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தவறு வேண்டாம்.

ஷாக் செய்த வேலை இனி காற்றுக்கு

ஃபோர்க் மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்து, பழைய 1.95 இஞ்ச் டயரில் 45 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துக் குளத்தங்கரைக்குப் போனால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு விட்டுப்போகும். அதோடு வெறுத்துப்போய்ப் பழைய ஷாக்கையே திரும்ப மாட்டுகிறவர்கள் உண்டு. ரிஜிட் வண்டியில் முன்னால் இருக்கும் ஒரே மெத்தை டயருக்குள் இருக்கும் காற்று. அதன் அளவும் அழுத்தமும்தான் மொத்த வேலையில் பாதி.

முன்னால் 2.35, பின்னால் 2.1 போடப்பட்டது. ஃபோர்க்கின் இரு காலுக்கும் நடுவே டயர் போக, பக்கத்துக்கு 6 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழைக்குப் பிறகு ஓட்டுகிறவர்களுக்கு 10 மி.மீ. வேண்டும். அந்த மண் டயரில் சுற்றி ஃபோர்க்கின் கவட்டையில் அடைந்துகொண்டால் சக்கரம் சுற்றவே சுற்றாது. குச்சியால் நோண்டித்தான் எடுக்க வேண்டும்.

டியூபோடு ஓட்டினால், 70 கிலோ ஆளுக்கு, முன் 2.35இல் 22 பிஎஸ்ஐ, பின் 2.1இல் 30 என்பது தொடங்குமிடம். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அழுத்தம் வைப்பது பரவலான தவறு. பாரத்தில் பெரும்பகுதி பின் சக்கரத்தில் இருக்கிறது. சரியான எண்ணைக் கண்டுபிடிக்க, தெரிந்த ஒரே பாதையில் ஒவ்வொரு சுற்றுக்கும் 2 பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டே போக வேண்டும். எந்தச் சுற்றில் ரிம் கல்லில் ஒரு தடவை 'டங்' என்று இடிக்கிறதோ, அதற்கு மேல் 3 பிஎஸ்ஐ ஏற்றினால் அது உங்கள் எண். 75 கிலோவுக்கு மேல் போனால் 5 கிலோவுக்கு ஒரு பிஎஸ்ஐ போலக் கூட்டிக்கொண்டு அதே சோதனையைச் செய்யலாம்.

அழுத்தம் மிகக் குறைந்தால் இரண்டு கேடு. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். இன்னொன்று, வளைவில் டயர் ரிம்மின் மேல் நெளியும், 19 மி.மீ. உள்ளகல ரிம்மில் 2.35 டயரை 18க்குக் கீழே இறக்கினால் இது கண்டிப்பாக வரும். டயரும் டேம்பிங் இல்லாத வில்தான். அதனால் காற்று மிகக் குறைந்த டயர் தொடர்மேடுகளில் பந்து மாதிரி துள்ளும்.

2 பிஎஸ்ஐ வித்தியாசத்தைப் பெட்ரோல் பங்கின் காற்று மீட்டரிலோ, 160 வரை முள் போகும் பம்பு மீட்டரிலோ பார்க்க முடியாது. 60க்குள் அளக்கும் தனி மீட்டர் ஒன்று அவசியம். இன்னொரு விஷயம் வெயில். காலை ஆறு மணிக்கு 25 டிகிரியில் 25 பிஎஸ்ஐ வைத்த டயர், பதினொரு மணி வெயிலில் 50 டிகிரிக்குச் சூடானால் உள்ளே 28 காட்டும். ஓட்டிக்கொண்டே இருக்கும்போது பாதை திடீரென்று கரடாகிவிட்டது போலத் தோன்றினால் முதலில் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

முள்

இங்கேதான் நெல்லைச் சீமை மற்ற ஊர்க் குறிப்புகளிலிருந்து விலகுகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் டயர் அகலமாகப் பதியும். அகலமாகப் பதிந்தால் முள் அதிகம் ஏறும். உடைமரம், சீமைக் கருவேலம், நெருஞ்சி மூன்றும் இல்லாத பாதை நாங்குநேரி, ராதாபுரம் வட்டங்களில் அநேகமாகக் கிடையாது. உடைமுள்ளும் கருவேல முள்ளும் நீளம். டயரோடு டியூபையும் தாண்டி மறுபக்கச் சுவரைக்கூடத் தொடும். நெருஞ்சி சின்னது, ஆனால் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து ஏறும்.

பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து டயருக்குள் உறையாகப் போடுவது நம் கடைகளில் வழக்கம். நெருஞ்சிக்கு இது நன்றாகவே பலன் தரும். உடைமுள்ளுக்குத் தராது. அதோடு டயர் கனத்து, விறைத்து, காற்றைக் குறைத்ததன் பயனில் பாதி போய்விடும்.

நல்ல வழி லேடெக்ஸ் சீலண்ட், அதாவது ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் ரப்பர்ப் பால். எம்டிபி டியூபில் பெரும்பாலும் மோட்டார் பைக் வால்வுதான் இருக்கும். உள்ளூசியைக் கழற்றி 120 மி.லி. ஊற்றலாம். ரிம்மும் டயரும் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றவை என்றால் டியூபையே எடுத்துவிட்டு, ரிம்மின் உள்ளகலத்தைவிட 2 மி.மீ. அகலமான டேப் இரண்டு சுற்று, வால்வு, 2.35 டயருக்கு 90 மி.லி. சீலண்ட். டயரின் விளிம்பு ரிம்மில் ஏறிப் பிடிக்கக் கைப்பம்பின் காற்று போதாது. சோப்புத் தண்ணீர் தடவி, லாரி பஞ்சர் கடையின் கம்ப்ரசரில் அடித்தால் 'பட் பட்' என்று இரண்டு சத்தத்தோடு ஏறும். 40 பிஎஸ்ஐக்கு மேல் போக வேண்டாம். ஏறியதும் சக்கரத்தைப் படுக்கவைத்துப் பக்கம் மாற்றி மாற்றிச் சுழற்ற வேண்டும். நசுங்க டியூபே இல்லாததால் முன் டயரை 19 வரை இறக்க முடிகிறது. டியூப்லெஸ்ஸுக்கென்று செய்யாத ரிம்மில் இதை முயல வேண்டாம். வளைவில் விளிம்பு பிரிந்து காற்று ஒரே மூச்சில் போய்விடும்.

வெளியூர்க் குறிப்புகளில் சீலண்ட் ஆறு மாதம் தாங்கும் என்று இருக்கும். கோடை வெயிலிலும் மேல்காற்றிலும் இங்கே இரண்டு மாதத்தில் டயருக்குள் தோலாக உறைந்துவிடுகிறது. சக்கரத்தைக் காதருகே ஆட்டிப் பார்க்கவும். சலசலப்பு இல்லையென்றால் 50 மி.லி. சேர்க்க வேண்டிய நேரம்.

சீலண்ட் உள்ள டயரில் முள் தெரிந்தால் பிடுங்கி, ஓட்டை தரையைப் பார்த்து இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் நிறுத்தினால் அடைந்துகொள்ளும். வெறும் டியூப் என்றால், பஞ்சர் ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தில் ஒரு துண்டுப் பஞ்சை வைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத முறிந்த முள்நுனி பஞ்சில் மாட்டும். ஒட்டிய அரை மணியில் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்குவதற்கு, உள்ளேயே தங்கிவிட்ட இந்த நுனிதான் பெரும்பாலும் காரணம்.

கைக்கு

ஹேண்டில்பார் 620 மி.மீ.யிலிருந்து 720க்கு மாற்றப்பட்டது. ஸ்டெம் 90இலிருந்து 60. அகலமான பாரில் முழங்கை தானாக வெளியே மடங்கும். மடங்கிய முழங்கை அதிர்வை வாங்கிக்கொள்ளும். 32 மி.மீ. விட்டமுள்ள சிலிகோன் கிரிப், மெல்லிய ரப்பர் கிரிப்பைவிட நல்லது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் வெளியோர நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். பிரேக் லீவரைக் கீழ்நோக்கி 30 டிகிரி சாய்த்து, மணிக்கட்டு நேராக நிற்கும்படி வைத்தால் பெரும்பாலும் தீரும். கிரிப்பை இறுக்கிப் பிடிப்பது குறையவில்லை என்றால் எந்தக் கிரிப்பும் உதவாது.

பாதைகளில் ஓட்டிப் பார்த்தது

விஜயநாராயணம் பெரியகுளம் போன்ற மானாவாரிக் குளங்களில் சித்திரை வைகாசியில் உள்வாய் காய்ந்து, மாட்டுக் குளம்படிகள் கல்லாகிக் கிடக்கும். ரிஜிட் வண்டிக்கு இதைவிடக் கடுமையான சோதனை சமவெளியில் இல்லை. உட்கார்ந்து மிதித்தால் பல் ஆடும். சீட்டை 3 செ.மீ. இறக்கி, இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக நிறுத்தி, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி நின்றுகொண்டு, ஒரு கியர் கனமாகப் போட்டு மெதுவாக மிதிக்க வேண்டும். பாரம் பாதத்தில் இருக்க வேண்டும். கை ஹேண்டிலை வழிகாட்ட மட்டும். வேகம் மிகக் குறைந்தால் சக்கரம் ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்கி ஏறும். கொஞ்சம் வேகம் இருந்தால் மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவிப் போகும். அந்த வேகத்தைக் கண்டுபிடிப்பதுதான் பழக்கம். கலுங்கை (குளம் நிரம்பி வழியும் இடம்) ஒட்டிய கற்களில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது ரிம்முக்கு நல்லது.

பணகுடி, வள்ளியூர் பக்கம் காற்றாலைகளை ஒட்டிய சரள் ரோடுகளில் ரிஜிட் ஃபோர்க் தன் பலத்தைக் காட்டுகிறது. ஷாக் வண்டியில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனிந்து, ஹேண்டிலின் கோணமே மாறும். இதில் மாறாது. முன் டயர் எங்கே வைத்தோமோ அங்கேயே நிற்கும். ஆனால் உருளும் சரளில் முன் டயர் வழுக்க ஆரம்பிப்பது கைக்கு உடனே தெரியும்; தெரிந்ததும் பலர் முன் பிரேக்கைப் பிடித்துவிடுகிறார்கள். பிரேக் வேலையை வளைவுக்கு முன்பே முடித்துவிட்டு, வளைவில் பிரேக்கை விட்டு, வண்டியைச் சாய்த்து உடம்பை நிமிர்த்தி வைக்க வேண்டும். டிப்பர் லாரிகள் ஓடி வரிவரியாக எழும்பிய ரோட்டில் நடுவை விட்டு ஓரத்துக்கு வந்துவிடுங்கள். அந்த வரிகளுக்கு ரிஜிட் வண்டியிடம் பதில் இல்லை. ஆனி ஆடியில் மேற்கே பார்த்துப் போவதைக் காலைக்கும், கிழக்கே திரும்புவதைக் காற்று ஏறிய பிறகும் வைத்துக்கொண்டால் கால் தப்பும்.

சுக்காம்பாறைப் படிகளும் ஓடைக்கரையும் ஒரே வித்தையைக் கேட்கின்றன. தடைக்கு ஒரு சக்கர தூரம் முன்னால் முழங்கையை மடக்கி உடம்பை அமுக்கி, உடனே பின்னால் சாய்ந்தபடி பாதியளவு மிதிக்க, முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். அது மேலே ஏறியதும் உடம்பை முன்னால் கொண்டுவந்து பின் சக்கரத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். 15 செ.மீ. வரை உள்ள படியை இப்படி ஏறலாம். கண் எட்டுப் பத்து மீட்டர் முன்னால் இருக்கட்டும். முன் சக்கரத்தின் அடியையே பார்த்துக்கொண்டு போனால், கல்லைப் பார்த்த நேரத்தில் அதன்மேல் ஏறியிருப்பீர்கள்.

தேரி தனி உலகம். குதிரைமொழித் தேரி போன்ற இடங்களில் இரும்பு ஏறிச் சிவந்த நுண்மணல் காற்றில் நகர்ந்துகொண்டே இருக்கும். முன் டயரை 14, பின் டயரை 17 வரை இறக்கி, லேசான கியரில் சீராக மிதித்து, உடம்பைப் பின்னால் வைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல் இடுப்பால் திசை மாற்ற வேண்டும். மிதிப்பதை நிறுத்திய நொடி புதையும். வெளியே வந்து கெட்டித் தரையைத் தொட்டதும் காற்று அடித்துக்கொள்ளாமல் ஒரு கல்லில்கூட ஏற வேண்டாம். கையில் பம்பு இல்லாமல் தேரிக்குள் காற்றை இறக்கவும் வேண்டாம். அதிகாலையில் பனி இறங்கி மேல்மணல் ஈரமாக இருக்கும்போது பாதி சிரமம் குறையும்.

மலையடிவாரத்தில், மணிமுத்தாறு, பாபநாசம், களக்காடு பக்கம், புலிகள் காப்பகத்துக்குள் போகும் தடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. அடிவாரக் கிராமங்களைச் சேர்க்கும் கல்பாதைகளே போதுமானவை. இறக்கத்தில் கற்கள் தொடர்ந்து வந்தால், கல்லின் மேல் பிரேக்கை விட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கிடைக்கும் மண்ணில் மட்டும் பிடிக்க வேண்டும். பிரேக் பிடித்த சக்கரம் கல்லில் உருளாமல் முட்டும். அந்த முட்டு முழுவதும் தோளுக்கு வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கையை உதறிக்கொள்ளுங்கள்.

300 கிலோமீட்டருக்குப் பிறகு

முதல் 50 கிலோமீட்டரிலேயே ஸ்டெம் போல்ட்டும் பாட்டில் கூட்டின் போல்ட்டும் தளர்ந்தன. அதிர்வு முழுவதும் சட்டத்துக்குப் போகிறது. நீலநிற மரைப்பசை ஒரு சொட்டு வைத்து இறுக்கிய பிறகு நின்றன. முன் சக்கரத்தில் 2 மி.மீ. கோட்டம் வந்திருந்தது. கம்பிகளைத் தட்டிப் பார்த்து, மந்தமாக ஒலித்த மூன்றைக் கால் சுற்று இறுக்கிக் கோட்டம் எடுத்தாயிற்று. 32 கம்பிக்குக் குறைந்த முன் சக்கரத்தை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். ஹெட்செட்டின் கீழ் பேரிங்கைப் பிரித்ததில் கிரீஸ் சிவந்திருந்தது, குழியில் பள்ளம் இல்லை. ஹேண்டிலை நேராக வைக்கும் இடத்தில் மட்டும் 'க்ளிக்' என்று உட்காருவது போலிருந்தால் பேரிங் குழியில் அடி விழுந்துவிட்டது என்று அறிந்து, அப்போதே மாற்ற வேண்டும். நம் புழுதிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், உவரி, கூத்தங்குழி எனக் கடலோரம் ஓட்டுகிறவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் இதைப் பிரித்துத் துடைத்துக் கிரீஸ் வைக்கட்டும்.

அதே சமயம் ஃபோர்க்கின் கவட்டையையும் டிஸ்க் தாங்கியின் வெல்டிங் ஓரத்தையும் ஈரத்துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெயின்டில் முடி போன்ற கோடு தெரிந்தால் நகத்தை அதன் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டினால் அந்த ஃபோர்க்கை அன்றோடு ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். குழியில் விழுந்து வளைந்த ஃபோர்க்கைப் பட்டறையில் நிமிர்த்தி வாங்கி மறுபடி மாட்டுவதும் கூடாது. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இரும்பு அடுத்த முறை சொல்லாமல் முறியும்.

குழாயின் உட்புறத் துருவுக்கு, ஃபோர்க் காலில் இருக்கும் சின்ன வெல்டிங் துளைகள் வழியாகச் செயின் ஆயிலை ஊற்றி, தலைகீழாகத் திருப்பிச் சுழற்றி, மீதியை ஒரு நாள் வடியவிட வேண்டும். அதற்கு முன் டிஸ்கையும் காலிப்பரையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் பிரேக் கட்டையை மாற்றத்தான் வேண்டியிருக்கும். மழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறை இதைச் செய்துவிட்டால் அடுத்த புரட்டாசி வரை போதும்.